பேஸ் ஜம்ப்: பாராசூட் ஒழுங்கா திறக்கணும்னா குதிக்கறதுக்கு முன்னாடியே என்னென்ன பாக்கணும்

தம்பி கேட்டிருந்தது சுருக்கமா இதுதான்: ஸ்கைடைவிங்ல 200 ஜம்ப் தாண்டியாச்சு, அடுத்து அமெரிக்கா போய் பெர்ரைன் பிரிட்ஜ்ல பேஸ் ஜம்ப் (விமானத்துலருந்து இல்லாம பாலம், பாறை, கட்டடம் மாதிரி இடத்துலருந்து குதிக்கறது) கத்துக்கலாம்னு ஐடியா, ஆனா அவசரத்துக்குன்னு ரெண்டாவதா இருக்கற ரிசர்வ் பாராசூட்டே கிடையாதாமே, இருக்கற ஒன்னும் திறக்கலன்னா என்ன பண்றது, அத எப்படி தடுக்கறது, கூடவே ஒரு செகண்ட் ஹேண்ட் ரிக் (பையோட சேர்ந்த பாராசூட் செட்) விலைக்கு வருது வாங்கலாமா.

முதல் கேள்விக்கு நேரா சொல்லிடறேன். திறக்கலன்னா பெருசா ஒன்னும் பண்ண முடியாது. கணக்கு போட்டுப் பாருங்க. ஐடஹோ மாநிலத்துல ட்வின் ஃபால்ஸ் ஊர்ல இருக்கற அந்த பிரிட்ஜ் ஆத்துலருந்து 486 அடி, மீட்டர்ல 148. ஒன்னுமே திறக்காம விழுந்தா ஏறக்குறைய அஞ்சரை செகண்ட்ல கீழ ஸ்னேக் ஆறு வந்துடும். காத்துத் தடைய விட்டுட்டு பாத்தா முதல் செகண்ட்ல 16 அடி, ரெண்டு செகண்ட் முடியறப்ப 64, மூணு முடியறப்ப 144. மூணு செகண்ட் ஃப்ரீ ஃபால் போய் பைலட் சூட்ட, அதாவது பெரிய பாராசூட்ட வெளிய இழுக்கற குட்டி பாராசூட்ட, வீசுறீங்க, ஏதோ சரியில்லன்னு உங்க மூளைக்கு எட்டறதுக்கே ஒரு செகண்ட் ஆகும், மிச்சம் ஒன்றரை செகண்ட்ல ரிசர்வ எங்க போய் இழுக்கறது, இழுத்தாலும் அது விரியறதுக்கு உயரம் எங்க. ஸ்கைடைவிங்ல 3,000 அடில மெயின் பாராசூட் சொதப்பினா கட்அவே பண்ணி, அதாவது அத கழட்டி விட்டுட்டு, ரிசர்வ் போட நேரம் இருக்கு, நீங்க மயங்கிட்டா கூட ரிசர்வ தானா திறக்கற ஏஏடி கருவி பாத்துக்கும். இங்க அந்த ரெண்டுமே கிடையாது, கட்அவே பண்றதுக்கான த்ரீ ரிங் அமைப்பே பெரும்பாலான பேஸ் ரிக்ல இருக்காது, ஏன்னா வெட்டி விட்டுட்டு போறதுக்கு வேற பாராசூட் இல்ல. உடம்புல ஊறிப்போன அந்த கட்அவே ரிஃப்ளெக்ஸ மொதல்ல மறக்கணும், ஸ்கைடைவர்ஸ்க்கு இதுதான் கஷ்டம்.

அதனால தடுக்கறது பூராவும் கால் விளிம்புல வைக்கறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும்.

இன்னொரு விஷயம், எல்லாரும் பயப்படறது "திறக்கலன்னா?"ன்னு. சரியா பேக் பண்ணின பேஸ் கனோபி, அதாவது விரியற அந்தப் பெரிய துணி, திறக்காம போறது ரொம்ப அபூர்வம், வடிவமே அதுக்குத்தான். ஏழு செல் (காத்து ரொம்பற அறை), பெரிய சைஸ், மெதுவா பறக்கற கனோபி, ஸ்கைடைவிங்ல ஸ்டைலா பறக்கற குட்டி கனோபி மாதிரி சுத்திக்கிட்டு முரண்டு பண்ணாது. ஆட்கள் அடிபடறதும் சாகறதும் பெரும்பாலும் கனோபி நல்லா திறந்து, ஆனா சுவரப் பாத்து திறந்ததால. ஆஃப் ஹெடிங்னு சொல்லுவோம். பின்னாடி வரேன் இதுக்கு, நான் சொல்ல வர்றதுல பாதி இதுதான்.

மொதல்ல பைலட் சூட். கனோபிய பையிலருந்து உருவி எடுக்கற வேலை இந்த குட்டி பாராசூட்டோடது. ஸ்கைடைவிங்ல நீங்க இழுக்கறப்ப வேகம் 190, 200 கிலோமீட்டர். பேஸ்ல ரெண்டு செகண்ட் டிலேல (குதிச்சதுலருந்து பைலட் சூட்ட வீசற வரைக்கும் விடற நேரம்) வேகம் 70 கிலோமீட்டர்தான். காத்தோட இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறும் இறங்கும், அதாவது வேகம் பாதியானா இழுவை கால்வாசி. அந்தக் கணக்குல ரெண்டு செகண்ட்ல உங்களுக்குக் கிடைக்கறது டெர்மினல் வேகத்துல, அதாவது இதுக்கு மேல ஏறாதுங்கற முழு வேகத்துல, கிடைக்கறதுல எட்டுல ஒரு பங்குதான். அதான் டிலே குறைய குறைய பைலட் சூட் பெருசாகுது. ஒரு செகண்ட், அதுக்கும் கம்மின்னா 48 இஞ்ச், 46 இஞ்ச். ரெண்டு மூணு செகண்டுக்கு 42. அதுக்கு மேல 38, 36. நார்வேல கெராக் மாதிரி ஆயிரம் மீட்டர் பாறைலருந்து குதிச்சு டெர்மினல் வேகம் வந்தப்புறம் வீசறதுக்கு 32 போதும். உற்பத்தி பண்றவங்க டேபிள் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், உங்க கியர்க்கு அவங்க சொன்னதையே பாருங்க. பெருசு எப்பவும் சேஃப்னு நினைச்சுடாதீங்க. வேகம் அதிகமா இருக்கறப்ப 46 வீசினா அது கனோபிய நடுவுல பிடிச்சு வெடுக்குனு இழுக்கும், கனோபியையும் உங்களையும் இணைக்கற கயிறு, அதான் லைன், எல்லாம் ஒரே கொத்தா கொட்டும், கனோபி கோணலா விரியும், அடியும் செம்மையா விழும்.

பைலட் சூட் துணியும் தேயும். பழசானா துணி வழியா காத்து கசிஞ்சு இழுவை குறையும், பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். கம்மி உயரத்துக்கு வச்சிருக்கற பெரிய சூட்ட மட்டுமாவது காலாகாலத்துல மாத்திடுங்க, அதுல காசு மிச்சம் பிடிக்கறதுல அர்த்தமே இல்ல.

அடுத்து ஸ்லைடர், லைன்கள் மேல சறுக்கி இறங்கற ஒரு துணித் துண்டு. ஸ்கைடைவிங்ல ஸ்லைடர் எப்பவும் மேலதான் இருக்கும், கேள்வியே கிடையாது. இங்க ஒவ்வொரு ஜம்ப்புக்கும் நீங்க முடிவு பண்ணணும். ஸ்லைடர் வேலையே திறக்கறத மெதுவாக்கறது. கம்மி உயரத்துல மெதுவா திறந்தா தரை முந்திக்கும், அதனால மூணு செகண்டுக்குள்ள டிலேன்னா ஸ்லைடர கீழ இறக்கிக் கட்டிடுவோம், இல்ல கழட்டியே வச்சிடுவோம். அதே ஸ்லைடர் இல்லாத செட்டப்ல எட்டு பத்து செகண்ட் விழுந்துட்டு திறந்தீங்கன்னா கனோபி கிழியும், இல்ல உங்க கழுத்து முதுகு ஏதாவது போகும். மூணுலருந்து நாலு செகண்ட்ங்கறது ஒரு ரெண்டுங்கெட்டான் இடம், ஆரம்பத்துல அந்த உயரத்துல இருக்கற இடங்களுக்கே போகாதீங்க. பேக் பண்ணி வச்ச ரிக்க எடுத்துக்கிட்டு வேற இடத்துக்கு போறப்பதான் இது காலை வாரும், நேத்து பெரிய பாறைக்குன்னு ஸ்லைடர் அப்ல மடிச்சத இன்னைக்கு பிரிட்ஜ்ல போட்டுக்கிட்டு நிப்பாங்க. ரிக் மேல ஒரு டேப் ஒட்டி ஸ்லைடர் நிலை, பைலட் சூட் சைஸ், பிரேக் செட்டிங் மூணையும் எழுதிடுங்க, எழுதாத ரிக்க திறந்து திரும்ப மடிங்க.

ஸ்லைடர் இல்லாம திறக்கறப்ப வர்ற தனி வியாதி லைன் ஓவர். கனோபியோட பின்விளிம்புல, அதான் வால் பக்கத்துல, இருக்கற பிரேக் லைன் ஒன்னு கனோபிக்கு முன்னாடி தாண்டி விழுந்து மாட்டிக்கும், கனோபி ஒரு பக்கம் சுருங்கி அந்தப் பக்கமாவே சுத்த ஆரம்பிச்சிடும், பக்கத்துல பாறை இருந்தா கதை முடிஞ்சுது. இதுக்கு ரெண்டு ஏற்பாடு. ஒன்னு டெயில்கேட், வாலோட நடுவுல இருக்கற பிரேக் லைன்கள பக்கத்து லைன்களோட சேர்த்து ஒரு குட்டி ரப்பர் பேண்ட்ல சுத்தி வைக்கறது. கனோபி முன்பக்கம் விரியற வரைக்கும் வால அடக்கி வச்சிருந்து, அப்புறம் தானா விட்டுடும். ரெண்டு ரூபா ரப்பர் பேண்டுதான், ஆனா காஞ்சு வெடிச்சதப் போட்டா வச்சும் பிரயோஜனமில்ல, அதிகமா சுத்தினா விடவே விடாது. ரெண்டாவது, எல்ஆர்எம்னு சொல்ற லைன் ரிலீஸ் அமைப்பு. ஸ்லைடர் டவுன்ல பிரேக் லைன ரைசர்ல (தோள்லருந்து லைன்களுக்குப் போற பட்டை) இருக்கற வளையத்துக்குள்ள விடாம வெளிய விட்டிருப்பாங்க, லைன் ஓவர் ஆனா அந்தப் பக்கத்து டாகிள, அதாவது பிரேக் லைன் நுனில இருக்கற கைப்பிடிய, முழுசா விட்டுடலாம், லைன் உருவிக்கிட்டு போய் கனோபி சரியாயிடும், மிச்சத்த பின்பக்க ரைசர் பிடிச்சு ஓட்டி இறங்கணும். அந்த லைன தெரியாம வளையத்துக்குள்ள கோத்துட்டா இந்த வசதியே போச்சு, அதனால கட்டாயம் செக் பண்ண வேண்டிய இடம் இது. லைன அறுக்கறதுக்கு ஹூக் நைஃப் ஒன்னு கைக்கு எட்டற இடத்துல இருக்கட்டும்.

இப்ப பேக்கிங். ஸ்கைடைவிங் நடக்கற டிராப் ஸோன்ல பத்து பதினஞ்சு நிமிஷத்துல சுருட்டி திணிச்சுப் பழகியிருப்பீங்க. பேஸ் கனோபிக்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். நாலு ரைசர்லருந்தும் லைன் ஒவ்வொன்னா கையால தடவிக்கிட்டே மேல வரைக்கும் போகணும், எதுவும் எதையும் தாண்டியிருக்கக் கூடாது, பிரேக் செட் ஆயிருக்கான்னு ரெண்டு பக்கமும் பாக்கணும். அப்புறம் கனோபிய தரையில விரிச்சு ஒவ்வொரு மடிப்பையும் கிளாம்ப் போட்டு நிறுத்தி நிறுத்தி மடிக்கணும், கஞ்சி போட்ட வேட்டிய நுனிக்கு நுனி சேர்த்து மடிக்கற பொறுமை வேணும். ஏன் இவ்வளவு மெனக்கெடறோம்னா, இடது பக்கம் மூணு செல்லும் வலது பக்கம் மூணு செல்லும் ஒரே மாதிரி, ஒரே நேரத்துல காத்து குடிக்கணும். ஒரு பக்கம் முன்வாய் உள்ள மடங்கி இருந்தா இன்னொரு பக்கம் மொதல்ல ரொம்பும், கனோபி திரும்பிக்கும். ஸ்கைடைவிங்ல கனோபி 90 டிகிரி திரும்பி திறந்தா சிரிச்சுட்டு போயிடுவோம், இங்க அந்த 90 டிகிரிதான் விஷயமே.

மடிச்சு மூடறதுக்கு முன்னாடி கிளாம்ப எண்ணுங்க. எத்தனை போட்டீங்களோ அத்தனையும் வெளிய தரையில இருக்கணும், ஒன்னு குறைஞ்சா அது கனோபிக்குள்ளதான் இருக்கு. நான் எப்பவும் ஒரே எண்ணிக்கை கிளாம்ப்தான் பைல வச்சிருப்பேன், கூடுதலா ஒன்னு இரவல் கூட வாங்க மாட்டேன். கன்டெய்னர் லூப்ல உலோகப் பின்ன சொருகறதுக்காக விட்ட புல் அப் கார்டுங்கற நாடாவையும் உருவிட்டோமான்னு பாத்துடுங்க. லைன்கள டெயில் பாக்கெட்ல அடுக்கறப்ப ஒழுங்கா எட்டு போட்ட மாதிரி வளைச்சு வைங்க, அவசரத்துல திணிச்சா அது வெளிய வர்றப்ப முடிச்சாத்தான் வரும்.

கன்டெய்னர மூடற லூப் ரொம்ப டைட்டா இருக்கக் கூடாது. டெர்மினல் வேகத்துல எந்த டைட்டான பின்னும் வந்துடும், ஆனா நான் மேல சொன்ன எட்டுல ஒரு பங்கு இழுவைல டைட்டான பின் அப்படியே நிக்கும், பைலட் சூட் பின்னாடி ஆடிக்கிட்டே வரும், கனோபி பைக்குள்ளயே இருக்கும். பைலட் சூட்டோட நாடாவான பிரைடில கையால லேசா இழுத்துப் பாருங்க, பின் வழுக்கிக்கிட்டு வரணும். வெல்க்ரோ மூடற பழைய டைப் ரிக்னா வேற பிரச்சனை, வெல்க்ரோ தேஞ்சு போய் உங்க முதுகுல இருக்கறப்பவே திறந்துக்கும், தேஞ்சத தையல் பிரிச்சு புதுசு போடணும்.

ரிக்க மாட்டினப்புறம் பாக்க வேண்டியது பிரைடில். பைலட் சூட்டையும் பின்னையும் இணைக்கற அந்த ஒம்பது அடி நாடா. பின்லருந்து ஆரம்பிச்சு விரல் வச்சு பைலட் சூட் வரைக்கும் தடவிக்கிட்டே வாங்க, லெக் ஸ்ட்ராப்புக்குள்ள போகுதா, கைக்கு அடில சுத்தியிருக்கா, பேக் ஸ்ட்ராப்ல மாட்டியிருக்கான்னு. கம்மி டிலேக்கு பைலட் சூட்ட கைலயே பிடிச்சுக்கிட்டு குதிப்போம், அப்பதான் பிரைடில் எங்கயாவது தோள் மேல ஏறி விழுந்து கிடக்கும். பக்கத்துல நிக்கற ஆள் ஒருத்தர் கண்ணால பாத்து சொல்லட்டும், அவரும் அவசரத்துல பாக்கக் கூடாது.

கியர் உங்களுக்குப் பழகினதா இருக்கணும்ங்கறதுக்கு ஒரு சோகமான உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல யோசெமிட்டி நேஷனல் பார்க்ல பேஸ் ஜம்ப்புக்கு அனுமதி இல்ல. அத எதிர்த்து 1999 அக்டோபர்ல எல் கேபிடன் பாறைலருந்து ஒரு போராட்ட ஜம்ப் நடத்தினாங்க, எல்லாருக்கும் தெரிய, ரேஞ்சர்ஸ் கீழ நிக்க. இறங்கினதும் கியர பறிமுதல் பண்ணிடுவாங்கன்னு ஜான் டேவிஸ்ங்கற அனுபவசாலி பெண்மணி தன்னோடத விட்டுட்டு இரவல் ரிக் போட்டுக்கிட்டாங்க. அவங்க ரிக்ல பைலட் சூட் முதுகுக்குக் கீழ இருக்கும், இதுல காலோரம் இருந்துச்சு. அவங்களுக்கு முன்னாடி குதிச்சவங்க பத்திரமா இறங்கினாங்க, இவங்க பாராசூட் மட்டும் கடைசி வரைக்கும் திறக்கல. அவ்வளவு அனுபவம் இருந்தும் கை பழகின இடத்துக்குத்தான் போகும். உங்க ரிக்க தரையில மாட்டிக்கிட்டு கண்ண மூடி பைலட் சூட்ட எடுத்து எடுத்துப் பழகுங்க, கை தானா போற வரைக்கும்.

சரி, ஆஃப் ஹெடிங். பிரிட்ஜ்ல ஆரம்பிக்கச் சொல்றதே இதுக்குத்தான். பெர்ரைன்ல நீங்க நடுப் பாலத்துலருந்து குதிச்சா கனோபி 180 டிகிரி திரும்பி திறந்தாலும் பாலத்துக்கு அடில புகுந்து அந்தப் பக்கம் போயிடுவீங்க, மோதறதுக்கு ஒன்னும் இல்ல, கீழ தண்ணி. அதே 180 ஒரு பாறையிலயோ கட்டடத்துலயோ நடந்தா ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட்ல முகத்துக்கு நேரா சுவர். கோலாலம்பூர்ல கேஎல் டவர்ல வருஷா வருஷம் நடக்கற ஜம்ப்ப பாத்திருப்பீங்க, 421 மீட்டர் டவர், பாக்க ஜாலியாத்தான் இருக்கும், ஆனா அது கத்துக்கற இடமில்ல.

ஆஃப் ஹெடிங்க்கு பேக்கிங் ஒரு காரணம்னா இன்னொன்னு நீங்க. கனோபி விரியற நேரத்துல உங்க ரெண்டு தோளும் ஒரே மட்டத்துல இருக்கணும். பைலட் சூட்ட ஆவேசமா வீசினா அந்தக் கையோட தோளும் சேர்ந்து திரும்பும், ஒரு தோள் கீழ போகும், ஒரு ரைசர் மொதல்ல இழுபடும், அவ்வளவுதான். நல்லா பக்கவாட்டுல சுத்தமான காத்துல விடணும், உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கற செத்த காத்துல போட்டா அங்கயே சோம்பேறியா சுத்திக்கிட்டு இருக்கும். எக்ஸிட்ல, அதாவது விளிம்ப விட்டு குதிக்கறப்ப, கீழ பாக்காதீங்க, எதிர்ல தூரமா ஒரு புள்ளிய பாருங்க. கீழ பாத்தா தலை போகும், தலை போனா கால் மேல வரும், கனோபி கால் நடுவுல புகுந்து வெளிய வரும். விமானத்துலருந்து குதிக்கறப்ப காத்து உங்களத் தாங்கும், கோணலா வந்தாலும் சரி பண்ணிக்கலாம். இங்க முதல் ரெண்டு செகண்ட் பிடிமானமே கிடையாது, எப்படி விளிம்ப விட்டீங்களோ அப்படியேதான் போவீங்க. சூடான காத்து பலூன்லருந்து சில ஜம்ப் பண்ணிட்டு வாங்க, காத்து தாங்காத அந்த முதல் ரெண்டு செகண்ட் எப்படி இருக்கும்னு புரியும்.

எல்லாம் சரியா பண்ணியும் திரும்பி திறக்கலாம், நடக்கும். அப்ப டாகிளத் தேடாதீங்க. பிரேக்க கழட்டினா கனோபி முன்னால பாயும், சுவரப் பாத்து. கனோபி விரியறப்பவே ரெண்டு கையும் பின்பக்க ரைசர்ல இருக்கணும், சுவர் தெரிஞ்ச உடனே அங்கயே இழுத்து திருப்பணும், ரொம்ப கிட்டன்னா ரெண்டையும் சேர்த்து இழுத்து வேகத்தக் கொன்னுட்டு அப்புறம் திருப்பணும். இது யோசிச்சு செய்யற வேலை இல்ல, கை தானா செய்யணும். பேஸ் கனோபிய விமானத்துலருந்து போட்டு ரைசர் டர்ன் மட்டும் திரும்பத் திரும்ப பண்ணிப் பழகலாம், டிராப் ஸோன்ல கேட்டா வழி சொல்வாங்க. கூடவே டீப் பிரேக் செட்டிங், கனோபி ஸ்டால் ஆகறதுக்கு, அதாவது பறக்கறது நின்னு போறதுக்கு, கொஞ்சம் முன்ன நிக்கற மாதிரி பிரேக்க ஆழமா செட் பண்றது. திறந்த உடனே முன்னோக்கி ஓடற வேகம் குறைஞ்சு உங்களுக்கு ஒரு செகண்ட் கூடுதலா கிடைக்கும். உங்க எடைக்கும் உங்க கனோபிக்கும் எதுன்னு சோதிச்சுத்தான் கண்டுபிடிக்கணும், கம்பெனில வச்சுக் கொடுத்த முடிச்ச அப்படியே நம்பாதீங்க.

காத்து அடிச்சா குதிக்காதீங்க, இதுல விளக்க ஒன்னும் இல்ல. விங்சூட் (கை கால் நடுவுல துணி வச்ச பறக்கற உடை) வேற உலகம், அங்க பிரைடில் ரூட்டிங்ல இருந்து எல்லாம் மாறும், இப்ப நினைக்கவே வேண்டாம்.

முதல் ஜம்ப் எப்படி இருக்கும்னா, பெர்ரைன்ல வருஷம் பூரா அனுமதி வாங்காமலே குதிக்கலாம்ங்கறதால நிறைய பேர் அங்கதான் கோர்ஸ் நடத்தறாங்க. பிசிஏன்னு ஒரு முறை, இன்ஸ்ட்ரக்டர் உங்க பைலட் சூட்ட கைல பிடிச்சுக்கிட்டு பின்னாடி நிப்பார், நீங்க குதிச்சதும் பிரைடில் இழுபட்டு பின் வந்து கனோபி நீண்டதும் அவர் விட்டுடுவார். வீசற வேலையே உங்களுக்கு இல்ல, எக்ஸிட்டயும் ரைசரையும் மட்டும் கவனிக்கலாம். அது சுத்தமா வந்தப்புறம் கைல பிடிச்சு ஒரு செகண்ட், அப்புறம் ரெண்டு. ஸ்டோ பண்ணி, அதாவது பைலட் சூட்ட ரிக்ல சொருகி வச்சு, எடுக்கறதெல்லாம் அதுக்கும் அப்புறம்.

இவ்வளவும் சரியா பண்ணா ஆபத்து இல்லையான்னு கேட்டா, இருக்கு. கெராக்ல 1995லருந்து 2005 வரைக்கும் நடந்த 20,850 ஜம்ப்ப கணக்கெடுத்த ஆய்வுல 9 பேர் இறந்திருக்காங்க, ஏறத்தாழ 2,300 ஜம்ப்புக்கு ஒருத்தர். பேஸ்க்கு நல்ல இடம்னு பேர் வாங்கின, ஒழுங்கா நடத்தற இடத்துலயே அந்த நிலவரம். வீட்டுல சொல்லிட்டு போங்க.

செகண்ட் ஹேண்ட் ரிக் விஷயம். கோர்ஸ் முடிக்கறதுக்கு முன்னாடி வாங்காதீங்க, கோர்ஸ்ல பெரும்பாலும் அவங்களே ரிக் கொடுப்பாங்க, ஓட்டிப் பாத்தாத்தான் உங்களுக்கு எந்த சைஸ்னு தெரியும். வாங்கறதுன்னா கனோபி சைஸ் உங்க எடைக்குப் பெருசாவே இருக்கணும், ஸ்கைடைவிங் கனோபிய பேஸ் கன்டெய்னர்ல திணிச்சு விக்கறாங்கன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. தண்ணில எத்தனை தடவை விழுந்துச்சு, உப்புத் தண்ணியா, லைன் கடைசியா எப்ப மாத்தினாங்க, எங்கயாவது மோதி ஒட்டுப் போட்டிருக்கான்னு கேளுங்க. ரெண்டு பக்கத்து பிரேக் லைனையும் சேர்த்துப் பிடிச்சு நீளம் பாருங்க, ஒரு பக்கம் சுருங்கியிருந்தா கனோபி எப்பவும் அந்தப் பக்கமே திரும்பும், அத நீங்க உங்க பேக்கிங் தப்புன்னு நினைச்சு மண்டைய உடைச்சுக்குவீங்க. கூட வர்ற பைலட் சூட் என்ன சைஸ்னு பாருங்க, பெரிய பாறைலயே ஜம்ப் பண்ணிக்கிட்டிருந்த ஆளுன்னா 32 இல்ல 36 தான் கொடுப்பார், பெர்ரைனுக்கு அது ஆகாது, 42ம் 46ம் தனியா வாங்க வேண்டியிருக்கும், அந்தக் காசையும் சேர்த்து விலை பேசுங்க.